கேள்வி–பதில்: பள்ளிக்கூடச் சாப்பாடு யாருக்கு?

பள்ளிகளில் காலை உணவு, மதிய உணவு பற்றி உங்கள் கேள்விகளை அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதமும் வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலுமாக நிறைய வந்துவிட்டன, அதனால் இந்த வாரப் பகுதி முழுக்க இதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாதச் சம்பளம் வருகிறது. மகளை விரும்பித்தான் அரசு தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். மூன்றாம் வகுப்பு. காலையும் மதியமும் அங்கேயே சாப்பிடுகிறாள். "வசதி இருந்தும் ஏழைப் பிள்ளைகள் சோற்றைப் பிடுங்குகிறீர்களே" என்று நாத்தனார் ஒரு விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. டப்பா கட்டிக் கொடுத்துவிடட்டுமா?
— ஒரு தாய், தருமபுரி

பதில்: வேண்டாம் அம்மா. அவள் அங்கேயே சாப்பிடட்டும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குண்டானில் இருப்பதை முந்தியவர் அள்ளிக்கொள்வது என்று அங்கே எதுவும் இல்லை. எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று தினமும் எண்ணிக்கை எடுத்து, அதற்குத் தகுந்தபடிதான் அளந்து போடுகிறார்கள். காலை உணவு என்றால் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அப்புறம் அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. உங்கள் மகள் சாப்பிட்டால் அவளுக்கு அளந்தது அவளுக்கு வருகிறது, அவள் சாப்பிடாவிட்டால் அது பக்கத்துப் பிள்ளையின் தட்டுக்குப் போகப் போவதில்லை, மூட்டையிலேயே இருக்கும். செலவையும் பார்த்துவிடலாம். 2023 ஆகஸ்ட்டில் காலை உணவை மாநிலம் முழுக்க விரிவாக்கியபோது 31,008 அரசுப் பள்ளிகள், சுமார் 17 லட்சம் பிள்ளைகள், 404 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 ரூபாய்தான் வருகிறது. அந்தப் பணத்தில் உங்களுடைய வரியும் இருக்கிறது.

ஆனால் கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளைகள் மட்டும் வந்து உட்காரும் வரிசை என்று ஆகிவிட்டால், அதில் உட்காருவதே ஒரு பிள்ளைக்கு அவமானம். எட்டு வயசிலேயே அதுகளுக்கு இதெல்லாம் புரிந்துவிடும். பசித்தாலும் பசிக்கவில்லை என்று சொல்லப் பழகிவிடும். உங்கள் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காரும்போது, யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று அந்த வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் போடு என்று சட்டம் வைப்பதே இதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. சாம்பார் தண்ணீராக இருந்தால் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்கிற தைரியம் உங்களுக்கு இருக்கிறது, விடிவதற்குள் செங்கல் சூளைக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு அந்த நேரமும் இல்லை, அந்தத் தைரியத்துக்கு இடமும் இல்லை. கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகப் போக, மிச்சமிருப்பவர்களின் தட்டுதான் மோசமாகும். இதை நாத்தனாரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: மதிய உணவைக் கொண்டுவந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா, நீதிக்கட்சியா? எங்கள் பள்ளியில் பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் அதிகம் சண்டை போடுகிறோம்.
— ஓர் ஆசிரியர், விருதுநகர்

பதில்: மூன்றுமே சரிதான், ஆண்டு மட்டும் வேறு வேறு.

1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் மன்றம் ஒப்புதல் தந்தது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டதால் 1925இல் நின்று, சில ஆண்டுகளுக்குள் மறுபடி தொடங்கியது. சோறு வேறு, படிப்பு வேறு என்று பார்க்கிற அந்தப் பார்வை இன்றைக்கும் சில கடிதங்களில் தெரிகிறது, கீழே அதற்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

காமராஜர் ஆட்சியில் 1956இல் மாநிலம் முழுக்கப் பரவியது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்டதும், போனா சோறு நீயா போடுவே என்று அவன் திருப்பிக் கேட்டதும் ஊரெல்லாம் சொல்லும் கதை. கதையோடு நின்றுவிடாமல் அதைத் திட்டமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு பெரியது. அரசு ஒரு பங்கு, ஊர்மக்கள் ஒரு பங்கு என்று போட்டுத்தான் அப்போது ஓட்டினார்கள். அரிசி கொடுத்த வீடு, காய் கொடுத்த தோட்டம், விறகு கொடுத்தவர் என்று பட்டியல் வைத்திருந்த ஊர்கள் உண்டு.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கன்வாடிக் குழந்தைகளையும் சேர்த்து, ஊர்ப்புறத்தில் ஆரம்பித்து, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டினார். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்ததும் அதில்தான். கலைஞர் ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 1998இல் வாரம் ஒன்றானது, 2010இல் வாரத்துக்கு ஐந்து. ஜெயலலிதா ஆட்சியில் 2013இல் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன. காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது. முதலில் 1,545 பள்ளிகள்தான்.

ஒருவர் வைத்ததை அடுத்தவர் எடுத்துவிடவில்லை, மேலே சேர்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள் நூறாண்டாக ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி நடந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இதில் ரொம்பவே பெருமை. பட்டிமன்றம் வைப்பதானால் அடுத்து என்ன சேர்க்க வேண்டும் என்று தலைப்பு வையுங்கள்.

கேள்வி: முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன?
— சிதம்பரம்

பதில்: வாழைப்பழம். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் மகனும் மருமகளும் இருக்கும் ஊரில், பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் சாப்பாடு இலவசம், விண்ணப்பம்கூட வேண்டாம் என்று கடிதம் வந்திருக்கிறதாம். பணக்கார நாட்டில் எதற்கு இது? மருமகள் வருமானப் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொல்கிறார்கள் என்று குழம்பிப் போயிருக்கிறாள்.
— பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் பாட்டி, டெக்சாஸ்

பதில்: பணக்கார நாட்டிலும் பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் பாட்டி. அங்கே பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டு வருமானத்தைக் கேட்டு, இவனுக்கு இலவசம், இவனுக்குக் குறைந்த விலை, இவனுக்கு முழு விலை என்று மூன்றாகப் பிரித்துத்தான் போட்டார்கள். படிவம் நிரப்பத் தெரியாத வீடு, நிரப்பக் கூச்சப்பட்ட வீடு, வருமான எல்லைக்கு ஐம்பது டாலர் மேலே போய்விட்ட வீடு என்று நிறையப் பிள்ளைகள் இடையில் விழுந்துபோனார்கள். பள்ளிச் சாப்பாட்டுக் கணக்கில் பணம் இல்லாத பிள்ளை தட்டோடு வரிசையின் கடைசிக்கு வந்தபிறகு தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச்சைக் கையில் கொடுத்த பள்ளிகள் அங்கே இருந்திருக்கின்றன. சாப்பாட்டுப் பணம் வேண்டும் என்று பிள்ளையின் கையிலேயே முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பியதும் நடந்தது. நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் இப்படிப் பிள்ளைகளைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

2010இல் ஒரு சட்டம் மூலம் வேறு வழி திறந்தார்கள், 2014இல் நாடு முழுக்க வந்தது. வீடு வீடாக வருமானம் கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பள்ளியில் எத்தனை சதவீதப் பிள்ளைகளின் குடும்பங்கள் ஏற்கெனவே அரசு உணவு உதவி போன்றவற்றில் இருக்கின்றன என்று மட்டும் பார்க்கிறார்கள். அது ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் பள்ளியோ மொத்தப் பள்ளி மாவட்டமோ எல்லோருக்கும் இலவசமாகப் போடலாம். அந்த அளவு 40 சதவீதமாக இருந்தது, 2023இல் 25 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்க ஒன்றிய அரசு ஒரு சூத்திரப்படி பணம் தருகிறது, துண்டு விழுவதை மாவட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் நாடு முழுக்க எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்ததும் பல மாநிலங்களுக்குத் துணிச்சல் தந்தது. கலிபோர்னியாவும் மெய்னும் 2022இல் மாநில அளவிலேயே எல்லோருக்கும் என்று ஆக்கின, பின்னாலேயே மினசோட்டா, மிச்சிகன், மாசசூசெட்ஸ் எல்லாம் வந்தன.

மருமகளிடம் சொல்லுங்கள்: சாப்பாட்டுக்காக அந்தப் படிவம் தேவைப்படாது. ஆனால் பள்ளிக்கு வரவேண்டிய வேறு கல்வி நிதிகளைக் கணக்கிட இப்படி ஒரு படிவத்தைச் சில மாவட்டங்கள் கேட்கின்றன, நிரப்பிக் கொடுத்தால் பள்ளிக்கு நல்லது. தனியாக வாங்கும் பால், சிப்ஸ் போன்றவற்றுக்குக் காசு உண்டு. சைவம் என்றால் மாதப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பெரியவன் ஆறாவது, சின்னவள் மூன்றாவது, ஒரே நடுநிலைப் பள்ளி. சின்னவளுக்குக் காலை டிபன் உண்டு, பெரியவனுக்கு இல்லை. நான் ஆறு மணிக்கே மில் வண்டி ஏற வேண்டும். "நேத்து வரைக்கும் எனக்கும் போட்டாங்கம்மா" என்று கேட்கிறான். என்ன சொல்ல?
— ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

நடுநிலைப் பள்ளிகளில் இதை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். வராண்டாவில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிடுகிறார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் அக்காவோ அண்ணனோ தம்பியின் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சில ஊர்களில் பரிமாறுகிற அம்மா மனசு கேட்காமல் ஒரு கரண்டி போட்டுவிடுவார், அதையும் பயந்து பயந்துதான் போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எண்ணிக்கை இத்தனை என்று கைப்பேசியில் ஏற்றியாகிவிட்டது.

காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் வகுத்தார்கள். 2024 ஜூலையில் ஊர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டியபோதும் ஐந்தாம் வகுப்பு என்ற எல்லை அப்படியே இருந்தது. மதியச் சத்துணவு பத்து வரைக்கும் உண்டு. பதினொன்று, பன்னிரண்டுக்கு இரண்டுமே இல்லை. இந்த எல்லையில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பதினொரு வயசில்தான் பிள்ளைகள் வளர்த்தியில் இறங்குகிறார்கள், பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்து ரத்தம் இழக்கிற வயசும் இதுதான், இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற உயர்நிலைப் பள்ளிக்கு முதல் பேருந்தைப் பிடித்துப் போகிற வயசும் இதுதான். அந்த வயசில் போய்த் தட்டை வாங்கி வைத்துவிடுவது சரியே இல்லை. ஒன்றிய அரசின் மதிய உணவு அளவிலேயே தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி என்றுதானே வைத்திருக்கிறார்கள், பெரிய பிள்ளைக்கு அதிகம் தேவை என்று தெரிந்துதானே?

நீங்கள் செய்யக்கூடியது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆறு முதல் எட்டு வரைக்கும் காலை உணவு வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கிராம சபையில் வையுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டம் நடக்கத்தானே செய்கிறது, பத்து அம்மாக்கள் சேர்ந்து போனால் எழுதாமல் அனுப்ப முடியாது. மதுரையில் தொடங்கிவைத்தபோது மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகளாக இருந்தது ஒரே வருடத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது என்றால், இதுவும் நடக்கக்கூடியதுதான். பையனிடம், உன் தப்பு எதுவும் இல்லை, அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வருகைப் பதிவு எடுத்ததும் "சத்துணவு சாப்பிடுறவங்க கை தூக்குங்க" என்று எண்ணுகிறோம். எட்டாம் வகுப்பில் சிலர் டப்பாவும் கொண்டுவருவதில்லை, கையும் தூக்குவதில்லை. மதியம் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு மைதானத்தில் சுற்றுகிறார்கள். எப்படிச் சாப்பிட வைப்பது?
— ஓர் ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள் டீச்சர். எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, இன்றைக்கு யார் டப்பா கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். டப்பா கொண்டுவந்த பிள்ளைக்குக் கை தூக்க எந்தக் கூச்சமும் இருக்காது. மிச்சமுள்ள எண்ணிக்கைதான் சத்துணவுக்கு.

அப்புறம் உட்காரும் இடம். டப்பாக்காரர்கள் வேப்பமரத்தடியில், தட்டுக்காரர்கள் கூடத்தில் என்று பிரிந்து உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். கலந்து உட்கார வையுங்கள், டப்பாவில் இருக்கும் உருளைக்கிழங்கு தட்டுக்கும், தட்டில் இருக்கும் முட்டை டப்பாவுக்கும் தானாகவே இடம் மாறும். ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எப்படியும் ஆசிரியர் வேலை. அந்த ஒரு வாயைச் சமையல்கூடத்தில் நின்றபடி சாப்பிடாமல் தட்டில் வாங்கிக்கொண்டு வந்து பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "சத்துணவுப் பசங்க" என்ற சொல்லை ஆசிரியர் அறையில்கூட யாரும் சொல்ல விடாதீர்கள். நாம் அங்கே சொல்வது எப்படியோ வகுப்புக்குப் போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கிற பெண் வேறு சாதி. அவர் சமைத்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிரச்சினை வராமல் ஆளை மாற்றிவிட்டால் என்ன?
— தென்மாவட்ட வாசகர்

பதில்: மாற்றக் கூடாது. பிரச்சினை செய்பவர்கள் அந்தப் பெரியவர்கள். வேலையை இழப்பது மட்டும் அந்தப் பெண்ணா?

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் இப்படித்தான் காலை உணவைப் பிள்ளைகள் தொடாமல் இருந்தார்கள், தொடாமல் இருக்கச் சொல்லி வீட்டில் பழக்கியிருந்தார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதாஜீவனும் அதிகாரிகளும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்தப் பெண் சமைத்ததையே சாப்பிட்டார்கள். சமையலர் மாறவில்லை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைச் சாதி சொல்லி வேலை செய்யவிடாமல் மற்றவர்கள் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், அதையும் உங்கள் பெரியவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். ஒன்று கவனித்திருப்பீர்கள். ஏழு வயசுப் பிள்ளைக்குப் பொங்கல் சூடாக இருக்கிறதா என்றுதான் தெரியும். தெருப் பெயரை அதன் காதில் ஓதுகிறவர்கள் பெரியவர்கள்தான். நாலு பேர் வீட்டில் பேசி, அடுத்த நாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் மிச்சப் பேரும் வருவார்கள். முதல் வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைக்குக் காலையில் சோறு போடுவது பெற்றவர்கள் கடமை. அதையும் அரசே செய்தால் அம்மாக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா? பள்ளிக்கூடம் படிப்பதற்கா, சாப்பிடுவதற்கா?
— ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

பதில்: ஐயா, மேலே திண்டுக்கல் அம்மாவின் கடிதத்தை ஒருமுறை படியுங்கள். ஆறு மணிக்கு மில் வண்டி. நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மாட்டைப் பார்த்து, உலை வைக்கிற பெண்ணை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். அவர் ஐந்தரைக்கு வடித்து வைத்த சோற்றை, தூக்கத்தில் இருக்கும் ஆறு வயசுப் பிள்ளை எட்டு மணிக்குத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நிறையப் பிள்ளைகள் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தோடோ வெறும் டீயோடோதான் வந்துகொண்டிருந்தார்கள்.

படிப்பா சாப்பாடா என்றால், வெறும் வயிற்றோடு பதினோரு மணிக் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளித் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுத்தாக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பல மாநிலங்கள் அதுவரை அரிசியாகவோ கோதுமையாகவோ அளந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன, தமிழ்நாட்டில் அதற்கு வெகுமுன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பிள்ளைகளின் உரிமையாகவே எழுதப்பட்டுவிட்டது. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தது: பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருக்கிறது என்று. இன்றைக்கு ஒரு சிறுமிக்குப் போடுகிற சோறு அவள் பெறப்போகும் பிள்ளையின் உயரம் வரைக்கும் போகிறது. பின்லாந்து 1940களிலிருந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சூடான சாப்பாடு போடுகிறது, அங்கே யாரும் பெற்றோர் கடமையை மறந்துபோய்விடவில்லை.

கேள்வி: சத்துணவில் சமையல் உதவியாளராகச் சேர விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். சம்பளம் கட்டுப்படியாகுமா? விறகு அடுப்புதான் இன்னும் இருக்குமோ?
— கணவரை இழந்த பெண், அரியலூர்

பதில்: உண்மையைச் சொல்கிறேன் அம்மா, கட்டுப்படி ஆகாது. 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசாணை வந்தபோது மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம் என்றுதான் போட்டிருந்தார்கள், ஓராண்டு ஒழுங்காக வேலை பார்த்த பிறகுதான் சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறுகிற சம்பளம். நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, முட்டை உரித்து, அண்டா தேய்த்து வைக்கிற வேலைக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். இந்தத் திட்டத்தைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசினாலும் எனக்கு உறுத்துகிற இடம் இது. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியமும் முறையான ஓய்வூதியமும் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள், அது நியாயமான கோரிக்கை. ஆனாலும் உள்ளூரிலேயே வேலை, மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடலாம், கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமையும் உண்டு என்பதால் விண்ணப்பியுங்கள். காலை உணவு சமைப்பது தனி ஏற்பாடு, அது மகளிர் சுய உதவிக் குழு வழியாக வருகிறது, அதையும் உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

அடுப்பு பெரும்பாலும் எரிவாயுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவுச் சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்களே, அதற்குப் பிறகும் ஓலைக் கூரைக்குக் கீழேயோ வகுப்பறையை ஒட்டியோ அடுப்பு மூட்டச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: சாம்பாரில் பருப்பே இல்லை, ரவையில் வண்டு. யாரிடம் சொல்வது? சொன்னால் பிள்ளையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
— பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதியது, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சேர்ந்து எழுதியிருக்கிறீர்கள், சேர்ந்தே போங்கள், தனியாக ஒருவர் மட்டும் போக வேண்டாம்.

முதலில் தலைமையாசிரியரிடம், கோபமில்லாமல், ருசி பார்க்கும் பதிவேட்டையும் அன்றைய இருப்புப் பதிவேட்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான், ஆகவே பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. சமைக்கிற பெண்களைத் திட்ட வேண்டாம். பல நேரம் வண்டு மூட்டையோடேயே வந்திருக்கும், சலித்து எடுக்க இருவருக்கு நேரம் போதாது. மூட்டை எந்தத் தேதி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டைப் படம் எடுங்கள், பிள்ளைகள் முகம் படத்தில் வர வேண்டாம். முட்டை எண்ணிக்கையும் பாருங்கள். வெளிக்கடைக்குப் போகக் கூடாது என்றுதான் அரசு முட்டையில் முத்திரை போட்டு அனுப்புகிறார்கள், அது உங்கள் ஊர் ஓட்டலில் தென்பட்டால் அதுவும் ஒரு புகார்தான்.

அங்கே தீராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் பேசலாம். பிள்ளையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு ஒரே வழி, மனுவில் பத்துப் பதினைந்து கையெழுத்து இருப்பதுதான். பருப்பு வந்ததா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.